நொடி முள்

கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கடைக்காரர் தர்மசந்திரன், கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார்.

“ஒரிஜினலுங்களா?” வினோதினி கண்ணாடி மேஜைமேல் குனிந்து கேட்டாள்.

“ஒரிஜினலா இருந்தா லட்சத்துக்கு மேல போவும்மா. நொடி முள்ளு வழுக்கிக்கினே போவும். இது துள்ளித் துள்ளிப் போவுது பாருங்க. உள்ள இருக்கறது சாதாரண பேட்டரி. சுத்த டூப்ளிகேட்.”

வினோதினி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“அழாதீங்க. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கின ஒருத்தன், ‘அவசரமா ஊருக்குப் போறேன், கம்மி விலைக்குத் தர்றேன்’னு சொல்லி நிறைய பேர் தலையில கட்டியிருக்கான். நேத்துகூட ஒருத்தர் இதே வாட்சோட வந்தாரு.”

“அப்படியேதாங்க எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு!” சட்டென்று சிரித்தாள்.

“ஏமாந்துட்டாருன்றேன், சிரிக்கிறீங்களே?”

“அவர் வேங்கிக்கால்ல சர்வேயர்ங்க. நிலம் அளக்கப் போற இடத்துல ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டாரு. திடீர்னு கையில இந்த வாட்ச். எவனோ நிலத்துக்காரன் குடுத்த லஞ்சம்னு நெனச்சி, அவர் சொன்னத நம்பாம ஒரு வாரமா அவர்கிட்ட முகங்குடுத்தே பேசலைங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“நல்ல பேட்டரியா ஒண்ணு மாத்திக் குடுங்க. ஆசைப்பட்டு வாங்கினது, அவர் கட்டிக்கட்டும்.”