சுவருக்குக் கஞ்சி

2008 மழையில் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் தங்கதுரையின் வாசல் சுவர் விரிசல் விட்டது. சிவில் படிக்கும் மச்சான் ஆனந்த், காலேஜ் லேபிலிருந்து ஒரு கலவை கொண்டுவந்து பூசினான். "இதுல பாக்டீரியா இருக்கு மாமா. தண்ணி பட்டா முழிச்சுக்கும். விரிசல அதுவே சுண்ணாம்பு வெச்சு அடைச்சிரும்."

உயிருள்ளதை வெறும் தண்ணீரில் விடுவதா என்று தங்கதுரையின் மனைவி பொற்கொடி தினமும் வடிகஞ்சி ஊற்றினாள்.

"உங்கக்கா என்னைய இப்படிக் கவனிச்சதில்லடா" என்றான் தங்கதுரை மச்சானிடம்.

விரிசல் மூடியது. பிறகு ஆணி ஓட்டைகள் மூடின; காலண்டர் கீழே விழுந்தது. ஜன்னலும் சுவராக மூடியபோது, "கொசுவே இல்லையே, எங்க செவுத்துக்கும் கொஞ்சம் பூசு" என்றாள் பக்கத்து வீட்டு மாரம்மா. வாசல் குறுகியதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருக்களித்து நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

"இன்னிக்கு கஞ்சி ஊத்தாத" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் ஷிப்டுக்குப் போனான்.

சாயங்காலம் வந்தபோது வாசல் இருந்த இடத்தில் வழவழவென்று சுவர் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

"பொற்கொடி" என்றான்.

உள்ளே பருப்பு குக்கர் விசில் அடித்தது.

"வந்துட்டீங்களா?" குரல் மிக அருகில், சுவரிலிருந்தே வந்தது. "செருப்ப வெளியவே விட்டுட்டு வாங்க. இப்பத்தான் கூட்டினேன்."