சொட்டுக்குக் காவல்

எங்கப்பா திரும்பவும் குடிக்க ஆரம்பிச்சுட்டார்னுதான் நினைச்சேன்.

ஒரு மாசமா வூட்டுக்கு லேட்டா வர்றார். சட்டையில இனிப்பா ஒரு நெடி. கேட்டா, "ஆராய்ச்சி வேலை புள்ள"ன்றார். எங்கப்பா இருசப்பன், மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு காலேஜுல லேப் கூட்டித் துடைக்கிறவர். அவருக்கு இன்னா ஆராய்ச்சி?

பத்தாவதோட படிப்பை விட்டவ நான். ஆனா கேக்கறதுக்கு எதுக்குப் படிப்பு? சாயங்காலம் பஸ் ஏறிப் போய், அந்த லேப்ல பி.எச்டி. பண்ற யாமினி அக்காவை வராண்டாவுலயே மடக்கினேன்.

"குடிச்சுக் கெட்ட ஆளை ஸ்பிரிட்டு இருக்கிற லேப்ல இவ்ளோ நேரம் உட்கார வெச்சிருக்கீங்களே. உங்க வூட்டு ஆளா இருந்தா செய்வீங்களா?"

"மெதுவா பேசு. ஸ்பிரிட்டு கேன் என் பீரோவுல பூட்டியிருக்கு. உள்ள பாரு."

ஜன்னல் வழியா பார்த்தேன். அப்பா ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். எதிர்ல சூடா ஒரு குழாய்.

"அதுக்குள்ள ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணி இருக்கு. அது ஆசிட்தான், ஆனா கெட்டியான ஆசிட். ஸ்பிரிட்டு ஆவியா உள்ள போய், அந்த மணியைத் தொட்டு, கீழ ஈதரா வருது. மருந்து செய்ய ஆகும். உங்கப்பா சட்டையில அடிக்கிறது அந்த நெடி."

ஐஸ்ல வெச்ச கண்ணாடிக் குடுவையில ஒரு சொட்டு விழுந்தது. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு. கரும்புக்காட்டுப் பக்கம் சாய்ஞ்ச வெயில் வந்து குடுவைக்குள்ள மிதந்தது. அப்பா, தூங்குற குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கினு இருந்தார். எதுக்கு வந்தேன்றதே எனக்கு மறந்து போச்சு.

"சரிக்கா, அவர் எழுந்து போனா வெடிச்சிடுமா?"

"ஒண்ணும் ஆகாது. சூடு ஏறுனா தானா நின்னுடும். காவலே வேணாம்."

"அப்புறம் எதுக்கு தினம் உட்கார வெக்கிறீங்க?"

"அவர் போற வழியில இருக்கிற சாராயக்கடை மூடணும்ல? அதுவரைக்கும்தான். 'நீங்க கண்ணை எடுத்தா என் பட்டம் போச்சுண்ணே'ன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ சொல்லிடாத."

எனக்கு ஒளிச்சுப் பழக்கமில்ல. அதுவும் எங்கப்பாவை ஒருத்தர் ஏமாத்தறதைப் பார்த்துக்கினு சும்மா இருக்க முடியல. நேரா உள்ள போய் அவர் காதுல சொன்னேன்.

"எந்திரிப்பா, வூட்டுக்குப் போலாம். இதுக்குக் காவலே வேணாமாம்."

அப்பா குடுவையிலிருந்து கண்ணை எடுக்கல.

"மொத வாரமே தெரியும்டி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாத. அப்புறம் என்னை யாரு உட்காரச் சொல்லுவா?"