தொடவே இல்லை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முதலில் சொல்ல வேண்டும், எதைக் கடைசிக்கு வைக்க வேண்டும் என்பதெல்லாம் வக்கீல்களுக்குத்தான் தெரியும். எனக்கு வந்த வரிசையில் சொல்கிறேன்.

தம்பி புதிதாக மின்சாரக் கார் வாங்கினான். பாதி நேரம் அதுவே ஓட்டிக்கொள்ளுமாம். நாம் கண்ணை ரோட்டில் வைத்திருந்தால் போதுமாம்.

"வாக்கா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். பயப்படாத, அது என்னைவிட நல்லா ஓட்டும்."

அவன் பக்கத்தில், முன்சீட்டில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு பை ஆரஞ்சு. பயம் வந்தால் எனக்கு எதையாவது உரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எதிரே ஒரு லாரி நின்றிருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுக்கத் தம்பி பின்சீட்டுப் பக்கம் திரும்பினான். அவ்வளவுதான். கார் சட்டென்று என் பக்கமாகத் திரும்பி, நடைபாதையில் ஏறி, ஒரு சலூனின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்தில் துண்டோடு ஒருவர் மட்டும் பாதி மீசையுடன் வெளியே ஓடி வந்தார்.

கேஸ் ஆகிவிட்டது. 'தானாக ஓடிய வண்டியைக் கெடுத்தது ஓட்டியவர்தான்' என்று கார் கம்பெனி எழுதி அனுப்பிவிட்டது. அது நிரூபணமானால் தம்பியின் லைசென்ஸ் போய்விடும். அவனுக்கு மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. தினமும் ஊர் ஊராக ஓட வேண்டும். லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

வக்கீலம்மாவிடம் போனோம். அறையில் இருந்த மூன்று நாற்காலிகளில் இரண்டில் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. மூன்றாவதில் நான் உட்கார்ந்தேன். தம்பி நின்றான்.

வக்கீலம்மா ஒரு காகிதத்தை எடுத்தார்.

"காருக்குள்ள ஒரு பெட்டி இருக்கு. நடக்கிறதை எல்லாம் பதிஞ்சு வெச்சுக்கும். இதோ, பத்து மணி பதினேழு நிமிஷம். லாரியைப் பார்த்துட்டு கார் தானாவே பிரேக் போட ஆரம்பிச்சிருக்கு. அந்த நேரத்துல ஒரு கை ஸ்டீயரிங்கைப் பலமா இழுத்திருக்கு. அப்படி இழுத்தா, 'சரி, இனிமே நீயே பார்த்துக்கோ'ன்னு கார் ஒதுங்கிடும். ஒதுங்கிடுச்சு."

"நான் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்ல மேடம்."

"அப்ப ஆவி வந்து இழுத்துச்சா?"

தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"டேய், வக்கீல்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதுடா. மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? ஒத்துக்கிட்டுப் போ."

"தொடவே இல்லக்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"சின்ன வயசுலேயே இவன் இப்படித்தான் மேடம். சர்க்கரை டப்பா காலியாயிருந்தா எறும்பு மேல பழியைப் போடுவான்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை.

மூன்று வாரம், மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். அவர் அதட்டுவதற்கு முன்னால் நான் அதட்டினேன். வீட்டில் அவன் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டாள். "அக்கா சொல்றதையாவது கேளுங்களேன்" என்பதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நாலாவது தடவை, வக்கீலம்மா திடீரென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நீங்க பக்கத்து சீட்லதானே இருந்தீங்க? உங்களை நான் கேட்கவே இல்லையே. நீங்க என்ன பார்த்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"அக்கா நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க மேடம். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வேணும்னா... நான்தான் இழுத்தேன்னே எழுதிக்கோங்க."

தூங்கினேனா? நானா? பஸ்ஸில் போனாலே டிரைவருக்குப் பதிலாக நான் தரையை மிதித்து பிரேக் போடுவேன். வண்டியில் ஏறினால் இறங்கும்வரை இமை மூடாதவள். அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்று வாரமாக நாங்கள் எல்லாரும் பொய்யன் என்று திட்டியவன், அந்த அறையில் சொன்ன முதல் பொய் அதுதான்.

"எழுதிக்கோங்க மேடம்" என்றேன். "இழுத்தது நான். லாரி மேல மோதிடுமோன்னு பயந்து இழுத்துட்டேன்."

வக்கீலம்மா எழுதவில்லை. என்னையே பார்த்தார்.

"அப்புறம் ஏம்மா இத்தனை நாளா அவரைத் திட்டித் தீர்த்தீங்க?"

"திட்டிக்கிட்டே இருக்கிறவங்களை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க மேடம்."

மாடிப்படி இறங்கும்போது தம்பியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"ஸ்டீயரிங் பூரா ஆரஞ்சு வாசனை. நானா பழம் உரிச்சேன்?"

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். மூணு வாரம் ஆயிடுச்சு, அவ்வளவுதான்."

முன்னால் பார்க்காமல் திரும்பியதற்காகக் கோர்ட்டில் அவனை எச்சரித்ததோடு விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் தப்பியது. சலூனுக்கு இன்சூரன்ஸ்காரர்கள் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள்.

இப்போதும் தம்பி காரில்தான் போகிறேன். பின்சீட்டில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் நானே உட்கார்ந்துகொண்டு.