நாலு எறும்பு

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க அக்கா. இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு யாருக்காக நடக்குறீங்க?"

நர்ஸ் தபித்தாள் கேட்டதற்கு, "வலியா? எனக்கா? ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்" என்று தாழ்வாரத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள் கோகிலவாணி. அந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் வேலுசாமி.

அவரைத் தாண்டித் திரும்பியதும் குரல் இறங்கியது.

"கையை இறுக்கிப் பிடிங்க சிஸ்டர். வலது தோளைப் பிடுங்கி எடுக்குற மாதிரி இருக்குது."

"ஆபரேஷனுக்காக வயித்துக்குள்ள அடிச்ச கேஸ் அக்கா. நடக்க நடக்கச் சரியாயிடும். இதை எதுக்கு அவர்கிட்ட மறைக்கணும்?"

"அவரு பயந்துட்டா எல்லாம் போச்சுங்க."

குன்னூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பித்தப்பையை எடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

வேலுசாமி கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை ஏற்றிப் போகும் லாரி டிரைவர். முன்னால் போகிற வண்டி தெரியாத பனிமூட்டத்திலும் கொண்டை ஊசி வளைவை ஒற்றைக் கையால் திருப்புவார். மருந்து ஊசியைக் கண்டால் மட்டும் ஆகாது. போன வாரம் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியது அவள். சுவரோடு சரிந்து உட்கார்ந்தது அவர்.

அதனால்தான் ஒவ்வொன்றிலும் அவரையே முன்னால் நிற்க வைத்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தாள். ரத்தம், இ.சி.ஜி., எக்ஸ்ரே, மயக்க டாக்டரைப் பார்ப்பது, மோதிரம் மூக்குத்தி கழற்றுவது, ராத்திரி பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது வரைக்கும். அவர் வாசிப்பார். "ஆச்சுங்க, டிக் போடுங்க" என்பாள்.

தாளில் எழுதாமல் மனசோடு வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அவர் எதிரில் ஒரு தரம்கூட 'அம்மா' என்று முனகிவிடக் கூடாது. தன்னால் முடியுமா என்று அவளுக்கே சந்தேகம்தான்.

அறைக்குத் திரும்பியபோது, டாக்டர் கொடுத்த சின்ன பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் வேலுசாமி. உள்ளே மிளகு போல எட்டுக் கற்கள்.

"இதுங்களா புள்ள உன்னைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டது?"

"இதுங்களேதான்."

"கத்தி வெச்சாங்களே, நெசமாலுமே வலிக்கலியா?"

"எங்கீங்க கத்தி? நாலே ஓட்டை. நாலு எறும்பு கடிச்சாப்ல இருந்துச்சு."

"கட்டெறும்பா, சித்தெறும்பா?"

"சித்தெறும்புங்க."

தபித்தாள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நம்பாமல் பார்ப்பது தெரிந்ததும் கோகிலவாணி படுக்கையில் போய்ப் படுத்து, ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, யார் உதவியும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்து காட்டினாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கடையில் கூட்டமாம்.

மறுநாள் காலை டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். மகள் சுவாதி மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. பையை அடுக்கும்போது காலண்டர் தாளைக் காணவில்லை. போகட்டும் என்று விட்டாள்.

"ஏனுங்க, வர்க்கி இருக்குது. ஃபிளாஸ்க்குல டீயும் இருக்குது. சாப்பிடுங்க."

"வேண்டாம்."

"டீ மட்டுமாவது குடிங்க."

"வேண்டாங்கிறேன்ல."

ஜன்னல் வழியே நல்ல வெயில். அவர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. அவள் பக்கம் பார்க்காமலே வெளியே போனார்.

ராத்திரி தூக்கத்தில் முனகியிருப்போமோ? நடக்கும்போது முகம் காட்டிக் கொடுத்திருக்குமோ?

அரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு தானே படியிறங்கினாள். அவர் எங்கிருந்தாவது பார்க்கக்கூடும் என்று கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. பதினொரு படி. கீழே பெஞ்ச் காலி. வாசலிலும் இல்லை.

ஓடிவிட்டார். இத்தனையும் வீண்.

"ஐயா, வெறும் வயிறுதானே?" பக்கத்து அறையிலிருந்து தபித்தாளின் குரல் கேட்டது.

"ராத்திரி பத்து மணியிலேர்ந்து பச்சைத் தண்ணி படலைங்க சிஸ்டர்."

கோகிலவாணி திரையை விலக்கினாள். பச்சை கவுனில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார் வேலுசாமி. முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மடியில் அந்தக் காலண்டர் தாள். அவளுக்காகப் போட்ட டிக்குகளுக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக இன்னொரு வரிசை டிக்.

"போன வருசம் கேம்ப்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கல்லுன்னு சொன்னாங்களே, அதுல என்னுதுதான பெருசு?" என்றார். "நீ தாங்கிட்ட. நான் எத்தனை நாளைக்கு ஓடுறது? சித்தெறும்புதான புள்ள?"

"சித்தெறும்பேதானுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்ன கோகிலவாணி, ஆபரேஷன் தியேட்டர் கதவு அவருக்குப் பின்னால் நன்றாகச் சாத்தப்படும் வரை காத்திருந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த 'அம்மா'வையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தாள்.