உட்காராதீர்கள்

அவள் இடுப்புப் பட்டியைப் பூட்டிக்கொண்டாள்.

கடைசி வரிசையில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். இரண்டு பக்கமும் காவலர்கள்.

தமிழில் அழுதான். கொழும்பு விமானம். பாதிப் பேருக்காவது அவன் அழுகை விளங்கும். ஆனால் எல்லோருக்கும் திடீரென்று கைபேசியில் வேலை வந்துவிட்டது.

அவளுடைய கைப்பைக்குள் அவன் படம் போட்ட துண்டுப் பிரசுரம் இருந்தது. பெயர் நிரோஜன். புகலிட வழக்கில் தோற்றவன். திருப்பி அனுப்பினால் அவன் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

விமான நிலைய வாசலில் ஆமினா கொடுத்தது.

இந்தக் கோடை முழுக்க அவளும் அந்தச் சோமாலியாக்காரியும் ஒரே பதாகையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு லண்டனில் நடந்தவர்கள். கறுப்பர், தமிழர், குர்தியர், வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று தெரு கொள்ளாத கூட்டம். மனிதரில் சட்டவிரோதம் என்று யாரும் இல்லை என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும்.

ஊர்வலம் இல்லாத நாட்களில் விமான நிலைய வாசல். பயணிகளின் பின்னாலேயே போய்க் கெஞ்சுவாள். ஒரே ஒருவர் இருக்கையில் உட்காராமல் நின்றால் போதும், விமானம் கிளம்ப முடியாது. உங்களையும் இறக்கிவிடுவார்கள்தான். அதனால் என்ன, நாளைக்குப் போங்கள். ஓர் உயிர். உட்காராதீர்கள்.

கேட்காமல் போனவர்களைக் கல்நெஞ்சுக்காரர் என்று வாய் நிறையத் திட்டியிருக்கிறாள்.

ஊருக்குத்தான் உபதேசம்.

இன்று அவளைக் கண்டதும், உதவிக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து ஆமினா பிரசுரக் கட்டில் பாதியை நீட்டினாள். பிறகுதான் பயணப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு தாளை மட்டும் உருவிக் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்பா போய்விட்டார். ஒரே பிள்ளை. விசா இல்லாமல் கிடந்த வருடங்களில் அவருடைய முகத்தைக் கைபேசித் திரையில்தான் பார்த்தாள். கடவுச்சீட்டு கைக்கு வந்தபோது அவர் இல்லை. ஊரில், அளவெட்டியில் பந்தல் போட்டு, அவரை எடுக்காமல் அவளுக்காக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நாளை மாலைக்கு மேல் உடல் தாங்காது. இந்த விமானத்தில் போனால் முகம் பார்க்கலாம். இறங்கிவிட்டால் இல்லை.

விமானப் பணிப்பெண் பட்டிகளைச் சரிபார்த்தபடி வந்தாள்.

அக்கா, என்றான் அவன்.

யாரைக் கூப்பிட்டானோ. விமானத்தில் எத்தனையோ அக்காமார். ஒருத்தியாவது எழும்பட்டும் என்று அவள் வேண்டாத தெய்வம் இல்லை. அவர்களுக்கெல்லாம் அப்பா உயிரோடு இருப்பார். எழும்பினால் என்ன.

யாரும் எழும்பவில்லை.

அவன் மறுபடியும் கூப்பிட்டான். குரல் கம்மிப் போயிருந்தது.

அவள் கைபேசியை எடுத்தாள். அம்மா முதல் மணியிலேயே பேசினாள். பின்னால் யாரோ தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஏறிவிட்டாயா பிள்ளை என்று அம்மா கேட்டாள். அப்பாவுக்கு முகம் வழித்து, அவள் வாங்கி அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறாளாம். நித்திரை கொள்கிறமாதிரித்தான் கிடக்கிறாராம். வந்து பார், என்றாள்.

பணிப்பெண் பக்கத்தில் நின்று, கைபேசியை நிறுத்தச் சொன்னாள்.

“அம்மா, எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அப்பாவை எடுங்கோ.”

அவள் கைபேசியை நிறுத்தினாள்.

பணிப்பெண் குனிந்து அவள் மடியைப் பார்த்தாள்.

பட்டி கழன்று கிடந்தது.