அணைந்த திரை

கல்யாண மண்டபத்தில் மின்கழிவு சேகரிக்கும் முகாம். கோமளா கொண்டுவந்த பழைய பெட்டி டிவியை மற்ற டிவிகளோடு வரிசையில் வைத்தார்கள். "கண்ணாடிய மட்டும் துடைச்சுக் குடுத்துடுங்கக்கா" என்றாள் கையுறை போட்ட பெண். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் மூலையில் காய்ந்திருந்தது. கோமளா முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பக்கத்து டிவிகளின் கருத்த திரைகளில் மண்டபத்துத் தூண்கள் தெரிந்தன. அவளுடையதில் மட்டும் அவள் வீட்டுக் கூடம் தெரிந்தது. சோபாவில் அவள் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அந்தக் கூடத்தையே பார்த்துக் கிடந்த பெட்டி, பழக்கதோஷம் போல என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அவருக்குப் போன் போட்டாள். திரைக்குள் அவர் செல்போனை எடுத்துப் பார்த்து, முகம் சுளித்து, அடுப்படிப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். உள்ளேயிருந்து ஒருத்தி வந்தாள். முகமும் பச்சைச் சேலையும், முந்தானையில் அப்பியிருந்த சந்தனமும்கூட கோமளாவுடையவை. அவள் போனை வாங்கினாள். நிமிர்ந்து, வெளியே நிற்பவளை நேராகப் பார்த்தபடியே விரலை அழுத்தினாள். கோமளாவின் காதில் மணி அடிப்பது நின்றது.

"அவ்ளோதாங்கா" என்றாள் கையுறைப் பெண், டிவியைத் தூக்கிக்கொண்டே. "நீங்க வீட்டுக்குப் போகலாம்."