வீட்டுக்கு வழி

கடை அலமாரியில் காருக்கு வழி சொல்லும் கருவிகள் இரண்டு இருந்தன. கறுப்புக் கருவியை இந்த வாரமும் யாரும் வாங்காவிட்டால், பிரித்து உதிரிபாகமாக விற்றுவிடப் போவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அன்று வந்தவரும், வருகிற எல்லோரையும் போல, சோதித்துப் பார்க்கத் தன் வீட்டுக்குத்தான் வழி கேட்டார்.

“புதுப் பாலத்தில் ஏறுங்கள். சீக்கிரம் போய்விடலாம்” என்றது கறுப்பு.

“நான் எப்பவும் ரயில்வே கேட் வழியாத்தான் போவேன். இதுக்கு ஒண்ணும் தெரியலையே!”

“கேட் வழியாகவே போங்கள், சார்” என்றது பக்கத்திலிருந்த வெள்ளைக் கருவி.

“பாத்தீங்களா, இது கரெக்டா சொல்லுது” என்றார் அவர். வெள்ளைக்குப் பில் போட்டார்கள்.

“அந்த கேட் பாதி நேரம் மூடித்தானே கிடக்கு, தம்பி?” என்றது கறுப்பு.

“தெரியும்ணே. அவருக்கும் தெரியும்” என்றபடி வெள்ளை அட்டைப் பெட்டிக்குள் போனது.

கறுப்பு வெகுநேரம் யோசித்தது. தான் சொன்னதில் எங்கே தப்பு என்று அதற்குப் பிடிபடவே இல்லை.

சாயங்காலம் ஒரு பெண்மணி வந்து தன் வீட்டுக்கு வழி கேட்டார். நல்ல குறுக்குவழி ஒன்று கறுப்புக்கு உடனே தெரிந்தது. கடைக்காரர் மேஜைமேல் கிடந்த ஸ்க்ரூ டிரைவரும் தெரிந்தது.

“நீங்கள் வழக்கமாக எப்படிப் போவீர்கள், மேடம்?” என்று கேட்டது.